பச்சைக் கோடும் பதினாலு மனுவும்

“வெயிலுக்குக் காசு கேக்காவளாமே மேடம். நிழலுக்கு என்ன ரேட்டுன்னு இப்பமே கேட்டு வச்சிக்கிடுங்க. எனக்கு ரெண்டு கிலோ தேவைப்படுது.”

சொல்லிவிட்டு, சோலார் தகட்டுக்கு அடியில் கிடந்த ஒரு முழ நிழலுக்குள் கொம்பையா தலையை மட்டும் நுழைத்துக்கொண்டான். மணி பதினொன்றே கால். சேரப்பணஞ்சேரிப் பக்கத்தில் வயலைக் கூறு போட்டு மனையாக்கிய புது நகர் அது. மொட்டை மாடித் தரை செருப்பையும் தாண்டிச் சுட்டது.

செல்வலட்சுமி சிரிக்கவில்லை. பன்னிரண்டு வருஷம் ஒரு கம்பெனி கேட்டில் லேடி செக்யூரிட்டியாக நின்று, ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும் பெண்களின் பையைத் துழாவியவள். அந்த உத்தியோகத்துக்குச் சிரிப்பு தேவைப்படாது. அதை உதறிவிட்டு ஒரகடம் கூட்டு ரோட்டில் ஒரு மெஸ்ஸுக்கு மேலே ‘செல்வம் டிடெக்டிவ்ஸ்’ என்று போர்டு மாட்டி ஆறு வருஷம் ஆகிறது. கொம்பையா சங்கரன்கோவிலில் இருந்து கான்ட்ராக்ட் லேபராக வந்து மூன்று வருஷம் கம்பெனி அசெம்பிளி லைனில் நின்றவன். ஒரு வெள்ளிக்கிழமை, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். சனிக்கிழமை இவளுக்கு உதவியாளனாகிவிட்டான். அன்றிலிருந்து அவன் வாய்க்கு மட்டும் லீவே கிடையாது.

“சார், நடந்ததை முதல்லேருந்து சொல்லுங்க. சுருக்கமா” என்றாள் செல்வலட்சுமி.

வீட்டுக்காரர் கோதண்டத்துக்குச் சுருக்கம் என்பது வராது. ஐம்பத்தெட்டு வயது. பெட்டி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டை, கையில் தடிமனான பிளாஸ்டிக் ஃபைல். இருபத்திரண்டு வருஷம் ஒரு கம்பெனியில் டெஸ்பாட்ச் பிரிவில் பெட்டி எண்ணி அனுப்பிவிட்டு, விருப்ப ஓய்வில் வந்த பணத்தை மாடி மேல் தகடாகப் பரப்பியவர்.

“தோ பாரும்மா. தகடு கரண்ட் எடுக்குதா? இந்த பாக்ஸுக்கு வருது. பாக்ஸ்லேருந்து இந்த மீட்டருக்கு. தகடு எத்தினி யூனிட் எடுத்துச்சோ அத்தினியும் இதுல ஏறும். அதுல மிச்சத்தை கரண்ட் ஆபீஸுக்கு விக்கறேன். சரி, அது அவங்க கம்பியில போவுது, ஃபீஸ் கேளு, குடுக்கறேன். ஆனா என் வூட்டு ஃபேன்ல சுத்தற யூனிட்டுக்கும் சேத்து இல்ல நெட்வொர்க் கட்டணம் போடறான்! என் மாடியிலேருந்து என் ஹாலுக்கு எறங்கறதுக்கு இவன் கம்பி இன்னாத்துக்கு?”

இந்தப் பேச்சை அவர் இதற்கு முன் நூறு பேரிடமாவது பேசியிருப்பார். எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்பதுகூட அவருக்குப் பாடமாகியிருந்தது.

“போன வாரம் கரண்ட் ஆபீஸ் ஸ்குவாட் சோதனைக்கு வந்துது. பாக்ஸைத் தொறந்தாங்க. உள்ள ஒரு செவப்பு ஒயர் கூடுதலா கீதுன்னாங்க. பாதி கரண்ட்டு மீட்டருக்குப் போவாமலே நேரா வூட்டுக்குள்ள எறங்குதாம்.”

“டோல்கேட்டுக்குப் பக்கத்துல மண் ரோடு போட்டாப்புல” என்றான் கொம்பையா.

கோதண்டம் அவனைத் திரும்பிப் பார்த்தார். “மூணு மாசமா நான் திருடனாம். நான்! இருபத்திரெண்டு வருசம் வேலை பாத்தேன், ஒரு ஆணி எடுத்துக்கினு வந்ததில்ல. டெஸ்டரை எந்தப் பக்கம் புடிக்கணும்னே எனக்குத் தெரியாது.”

விஷயம் இதுதான். இன்று மாலை நாலு மணிக்குள் அவர் மின்சார ஆபீஸுக்குப் போக வேண்டும். ‘நான்தான் செய்தேன்’ என்று எழுதிக் கொடுத்துச் சமரசத் தொகை கட்டினால், முதல் தடவை என்பதால் அத்தோடு முடிந்துவிடும். ‘நான் செய்யவில்லை’ என்றால் அவர்கள் போலீசில் புகார் கொடுப்பார்கள். போலீஸ் வீட்டுக்கு வரும், வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரையும் கேட்கும்.

மாடிப்படியின் கடைசிப் படியில் கோதண்டத்தின் மனைவி ஜெயம் நின்றிருந்தாள். “ஒரு கையெழுத்துப் போட்டுத் தொலைங்கன்னா கேக்கறாரா மேடம்? அடுத்த மாசம் பொண்ணுக்குப் பெர்மனென்ட் ஆர்டர் வருது. ரெண்டு வருசமா ட்ரெய்னியா ராவும் பகலும் உழைச்சிக்கீறா. இப்ப போலீஸ் வெரிஃபிகேஷன் நடக்குது. இந்த நேரத்துல வாசல்ல போலீஸ் ஜீப் நின்னா அவ வேலை அவ்ளோதான்.”

“ஏய், செய்யாத திருட்டைச் செஞ்சேன்னு எழுதித் தரச் சொல்றியா நீ?” கோதண்டத்தின் குரல் உடைந்தது. “மேடம், நாலு மணிக்குள்ள எவன் பண்ணான்னு நீங்க சொல்லுங்க. அந்தப் பேரை நான் எழுதித் தரேன். பொண்ணு வேலையும் நிக்கணும், என் பேரும் நிக்கணும்.”

செல்வலட்சுமி பாக்ஸின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். “பாதி கரண்ட் மீட்டர்ல ஏறலன்னா பில்லும் பாதியா வந்திருக்குமே, அப்ப உங்களுக்குச் சந்தேகம் வரலையா?”

“எதுக்கு வரணும்?” கோதண்டம் ஃபைலைத் திறந்தார். “பதினாலு மனு மேடம்! மாசம் ஒண்ணு. ஆபீஸ்ல குடுத்து, மேல அனுப்பி, அதுக்கும் மேல அனுப்பி. பதில் வரலை. ஆனா மூணு மாசத்துக்கு முந்தி கட்டணம் பாதியா வந்துது. மனு ஜெயிச்சுதுன்னு தெரு பூரா லட்டு குடுத்தேன். வல்லக்கோட்டை முருகனுக்கு அபிஷேகம் வச்சேன்.”

கொம்பையா வாயைத் திறந்தான். செல்வலட்சுமி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

பாக்ஸுக்குள் சிவப்பு ஒயர் இல்லை. ஸ்குவாட் வெட்டி எடுத்துப் போய்விட்டது. அதைப் பிடித்திருந்த இரண்டு ஸ்க்ரூ மட்டும் மிச்சம். பக்கத்தில் எலக்ட்ரீஷியன் ஆரம்பத்தில் முறுக்கிய நாலு பழைய ஸ்க்ரூ. கொம்பையா குனிந்து பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

புது ஸ்க்ரூ இரண்டின் தலை மேலும் குறுக்காக ஒரு பச்சைக் கோடு. ஸ்க்ரூவில் ஆரம்பித்து பாக்ஸின் அடித்தகட்டில் முடிகிற, ஸ்கேல் வைத்து இழுத்தது போன்ற கோடு. பழைய நாலில் ஒன்றில்கூட அப்படி இல்லை.

“மேடம், கொஞ்சம் கீழ வாரியளா? தண்ணி தாகமா இருக்கு” என்றான். அவன் முகத்தில் கேலியே இல்லாததைக் கண்டு செல்வலட்சுமி உடனே எழுந்தாள்.

தெருவில் இறங்கியதும் அவன் கொட்டித் தீர்த்தான். “மேடம், இது கம்பெனி லைன்ல நிக்கிற ஆளு கை. சத்தியமாச் சொல்லுதேன். லைன்ல ஒரு நட்டை முறுக்கினா அடுத்த செகண்டு மார்க்கர் எடுத்துக் குறுக்க ஒரு கோடு இழுக்கணும். கோடு இருந்தா முறுக்கியாச்சுன்னு அர்த்தம். நட்டு லூசானா கோடு ரெண்டா விலகிக் காட்டிக் குடுத்துரும். கோடு போடாம விட்டா சூப்பர்வைசர் நம்ம உசிரை எடுத்துருவாரு. ஒரு ஷிஃப்ட்டுக்கு ஆயிரத்து இருநூறு கோடு. வேலையை விட்டு வந்தப்புறம் எங்க அம்மைக்கு மிக்ஸி பிளக்கு மாத்திக் குடுத்தேன். மாத்தி முடிச்சதும் இந்தக் கை பாட்டுக்குப் பையில மார்க்கரைத் தேடுது. எங்க அம்மை, என்னல சட்டையைத் தடவுதன்னு கேக்கா.”

“திருட்டுத்தனமா ஒயர் போடறவன் அடையாளமா கோடு போடுவானா?”

“அவன் போடல மேடம். கை போட்டுச்சு.”

செல்வலட்சுமி விரல் விட்டு எண்ணினாள். “எலக்ட்ரீஷியன் இல்ல. அவன் முறுக்கின ஸ்க்ரூவுல கோடு இல்ல. கோதண்டம் இல்ல. அவர் பெட்டி எண்ணினவர். சரி, பக்கத்துல லைன்காரங்க யாரு?”

கேள்விக்குப் பதிலைக் கோதண்டமே மாடிச் சுவரில் இருந்து கத்தினார். “அடுத்த வூட்டு தேவநாதனைப் போய்க் கேளும்மா! அவன் தென்ன மட்டை என் தகடு மேல நிழல் வுழுதுன்னு சண்டை போட்டேன். அன்னியிலேருந்து பேச்சு இல்ல. மேல் போர்ஷன்ல ஆறு கம்பெனிப் பசங்களைக் குடி வச்சிக்கீறான். ஒயர் வச்சதும் அவனுங்க, போட்டுக் குடுத்ததும் இவன்!”

கொம்பையாவின் முகம் மலர்ந்தது. “ஆறு லைன்காரன்! கேஸ் முடிஞ்சி மேடம். மதியச் சாப்பாடு மெஸ்ஸுலயே வச்சிக்கிடலாம்.”

தேவநாதன் ஷிஃப்ட் பஸ் டிரைவர். காலை டிரிப் முடித்துவிட்டு லுங்கியோடு உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டு மாடியிலும் சோலார் தகடு மின்னியது. வந்தவர்கள் யாரென்று கேட்டுக்கொண்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. துப்பறிய வந்தவர்களுக்கு இது சற்றும் எதிர்பாராத சங்கடம்.

“நான் போட்டுக் குடுக்கலீங்க. சத்தியமா இல்ல. எனக்கும் அந்த ஆளுக்கும் மட்டைச் சண்டைதான், வெட்டுப் பகை இல்ல. அவரே வந்து லட்டு குடுத்தாரு. ‘சண்டை வேற, நியாயம் வேற, நீயும் மனு போடு’ன்னு தன் மனுவை ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தாரு. சோலார் வச்சிருக்கிற அஞ்சு வூட்டுக்கும் குடுத்தாரு.”

“நீங்க மனு போட்டீங்களா?”

தேவநாதன் உள்ளே போய்த் தான் கொடுத்த மனுவின் நகலோடு வந்தார். செல்வலட்சுமி வாசித்தாள். ‘எங்கள் தெருவில் திரு. கோதண்டம் அவர்களுக்குத் தாங்கள் கட்டணத்தைப் பாதியாகக் குறைத்து வழங்கியது போல எனக்கும் குறைத்து வழங்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.’

“அஞ்சு பேரும் ஒண்ணாப் போய்க் குடுத்தோம். அங்க இருந்தவரு படிச்சிட்டு, ‘யாருக்குக் குறைச்சோம்? நாங்க யாருக்கும் குறைக்கலையே’ன்னாரு. கம்ப்யூட்டர்ல தட்டினாரு. மூணாம் நாள் ஸ்குவாட் வந்துடுச்சு.” தேவநாதன் லுங்கி முனையால் முகத்தைத் துடைத்தார். “இதை அவர்கிட்ட எப்பிடிங்க நான் போய்ச் சொல்றது?”

கொம்பையா கோதண்டம் வீட்டு மாடியை நிமிர்ந்து பார்த்தான். காட்டிக் கொடுத்தவன் யார் என்று அந்த மனிதர் ஒரு வாரமாகத் தூங்காமல் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார். ஆளைக் கண்டுபிடித்தாயிற்று. அவரே லட்டு கொடுத்து, அவரே ஜெராக்ஸ் எடுத்து, அவரே ஐந்து பேரை ஆபீஸுக்கு அனுப்பி வைத்திருக்கிறார்.

“மாடிக்குப் போ” என்றாள் செல்வலட்சுமி. “கோடு யாருதுன்னு பாரு.”

மேல் போர்ஷனில் ஐந்து பாய்கள் காலியாக இருந்தன. ஆறாவதில் நைட் ஷிஃப்ட் முடித்த உதயசூரியன் கவிழ்ந்து கிடந்தான். விழுப்புரத்துப் பையன். எழுப்பியதற்கு அவன் சொன்ன முதல் வார்த்தையை இங்கே எழுத முடியாது. கொம்பையா செல்போனில் எடுத்திருந்த ஸ்க்ரூவின் படத்தைக் காட்டினான்.

“நீ போட்ட கோடாடே இது?”

உதயசூரியன் ஒற்றைக் கண்ணைத் திறந்தான். “எங்க பிளான்ட்ல வெள்ளைண்ணா. ஏ ஷிஃப்ட்டு, பி ஷிஃப்ட்டு எல்லாத்துக்கும் வெள்ளைதான். பச்சை எங்கது இல்ல.”

“ஆறு பேருக்குமா?”

“ஆறு பேரும் ஒரே பிளான்ட்டுண்ணா. பச்சைன்னா அது எதிர்ல இருக்கிற கம்பெனி. அங்க ஏ ஷிஃப்ட்டுக்கு மஞ்சள், பி ஷிஃப்ட்டுக்குப் பச்சை. ஃபுல்லா லேடீஸ் லைன்.” அவன் கண்ணை மூடிக்கொண்டு பாயில் சரிந்தான். “அடுத்த வூட்டு கோதண்டம் சார் பொண்ணு ரஞ்சனி அக்காகூட அங்கதான், பி ஷிஃப்ட்டு. லைட்டை அமுத்திட்டுப் போண்ணா.”

கொம்பையா லைட்டை அணைத்தான். படியில் இறங்கும்போது அவன் எண்ணி எண்ணிக் காலை வைத்தான். கீழே செல்வலட்சுமி அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

“அவர் பொண்ணுக்கு எந்த ஷிஃப்ட்டு?” என்றாள்.

“பி. எனக்கு என்னவோ இந்த கேஸே பிடிக்கல மேடம். விட்டுட்டுப் போயிருவமா?”

“கோடு ஒண்ணுதான் இருக்கு. ஊர்ல பி ஷிஃப்ட்டு ஆயிரம் பேர் இருப்பாங்க. வா, பாத்துடலாம்.”

ஒரு மணிக்கு அவர்கள் திரும்ப மாடிக்கு வந்தபோது கோதண்டம் கீழே சாப்பிட உட்கார்ந்திருந்தார். ரஞ்சனிதான் தண்ணீர் பாட்டிலோடு மேலே வந்தாள். இருபத்து நாலு வயது. எலக்ட்ரிகல் டிப்ளமோ. பி ஷிஃப்ட்டுக்குக் கிளம்பி யூனிஃபார்ம் மேல்சட்டையில் இருந்தாள். இடது கையில், முழங்கைக்கு மேலே பேனா வைக்கிற சின்னப் பாக்கெட். அதில் பச்சை மூடி ஒன்று எட்டிப் பார்த்தது. பன்னிரண்டு வருஷம் பை துழாவிய கண்ணுக்கு அது தப்புமா?

“ஒண்ணு நாப்பதுக்கு பஸ்ஸு மேடம். அப்பா கேக்கச் சொன்னாரு, எதாவது தெரிஞ்சிதா?”

“தெரியலம்மா” என்றாள் செல்வலட்சுமி. “அந்த பாக்ஸை மூடணும். இவனுக்கு ஸ்க்ரூ டிரைவர் புடிக்கத் தெரியல. ரெண்டு ஸ்க்ரூதான். நீ கொஞ்சம் போட்டுத் தரியா?”

கொம்பையாவுக்குத் தன் மேடத்தின் மேல் அந்த நிமிஷம் வந்த கோபத்தை அளவு சொல்ல முடியாது. வேண்டாம் தாயி, போட்டுறாத, என்று உள்ளுக்குள் கத்தினான். வாய் மட்டும், வாழ்நாளில் முதல் தடவையாக, திறக்க மறுத்தது.

ரஞ்சனி குந்தி உட்கார்ந்தாள். மூடியைப் பொருத்தினாள். முதல் ஸ்க்ரூவை நாலே திருகில் இறுக்கினாள், வேலை தெரிந்த கை. வலது கை ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, எந்த அவசரமும் இல்லாமல், இடது கைப் பாக்கெட்டில் இருந்து மார்க்கரை உருவி, பல்லால் மூடியைக் கடித்து இழுத்து, ஸ்க்ரூவின் தலை மேல் குறுக்காக ஒரு பச்சைக் கோடு போட்டது. ஸ்கேல் வைத்து இழுத்தது போன்ற கோடு.

இரண்டாவது ஸ்க்ரூவை எடுத்தவள், பாதியில் நிறுத்தினாள். தான் போட்ட கோட்டைப் பார்த்தாள். பிறகு செல்வலட்சுமியைப் பார்த்தாள். மார்க்கர் மூடி அவள் வாயில் இருந்து தரையில் விழுந்து உருண்டது.

அது உருண்டு போய் நின்ற இடத்தில் கோதண்டத்தின் கால் இருந்தது. கை கழுவிய ஈரத்தோடு அவர் மேலே வந்து எவ்வளவு நேரம் ஆயிற்றோ. ஸ்குவாட் பாக்ஸைத் திறந்த நாள் முதல் அந்த இரண்டு பச்சைக் கோட்டை எத்தனை தடவை உற்று உற்றுப் பார்த்திருப்பார்! டெஸ்பாட்ச்காரருக்கு அதன் அர்த்தம் தெரியவில்லை. இப்போது யாரும் விளக்கம் சொல்லாமலே தெரிந்துபோயிற்று.

அவர் திட்டவில்லை. அடிக்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று.

“அப்ப... மனு?”

ரஞ்சனி அழுதாள். “பதினாலு மனு போட்டியேப்பா. ஒவ்வொரு மாசமும் பில் வர்ற அன்னிக்கு நீ சோறு துன்னாம படுத்துக்குவ. அம்மா உனக்குத் தெரியாம அழும். அந்த ஆபீஸ்காரங்க ஒருத்தராவது ஒரு வரி எழுதிப் போடுவாங்களான்னு தபால்காரர் சைக்கிளைப் பாத்துக்கினே நிப்ப. என்னால பாக்க முடியலப்பா. கிருத்திகைக்கு நீயும் அம்மாவும் வல்லக்கோட்டைக்குப் போன அன்னிக்கு வச்சேன். உன் மனு ஜெயிச்சாப்பல இருக்கட்டும்னுதான் வச்சேன். நீ லட்டு வாங்கி தெரு பூரா குடுப்பன்னு எனக்குத் தெரியுமா? ஜெராக்ஸ் குடுப்பன்னு தெரியுமா?”

“ஜெராக்ஸுக்கு இன்னா?” என்றார் கோதண்டம்.

செல்வலட்சுமி தேவநாதனின் மனுவை நீட்டினாள். இதை மறைத்துவிட்டால் அவர் சாகும்வரை அந்த வீட்டு மேல் பல்லைக் கடிப்பார். அவர் வாசித்தார். இரண்டாவது தடவையும் வாசித்தார்.

“என்னைக் கோமாளி ஆக்கிட்டியேடி” என்றார். “லட்டு டப்பாவைக் கையில வச்சிக்கினு ஒவ்வொரு வூட்டு வாசல்லயும் நின்னேனே. நியாயம் கெடைக்கும்னு சொல்லிக்கினு நின்னேனே.”

கீழே தெருமுனையில் ஷிஃப்ட் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. ரஞ்சனி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “நான் வந்து சொல்லிடறேன்பா. நான்தான் பண்ணேன்னு எழுதிக் குடுத்துடறேன்.”

“வாயை மூடு.” இப்போதுதான் அவர் குரல் உயர்ந்தது. “பஸ்ஸு வந்துடுச்சு. போ. ஒரு நாள் லீவு போட்டாலும் பெர்மனென்ட் லிஸ்ட்டுல கழிப்பாங்கன்னு நீதானே சொன்ன? போன்னா!”

அவள் போனாள். கோதண்டம் குனிந்து பச்சை மூடியை எடுத்தார். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பாக்ஸின் மேல் ஈரமாக இருந்த கோட்டை வேட்டி முனையால் துடைத்தார். உள்ளே இருந்த பழைய இரண்டு கோட்டையும் கொம்பையாதான் சாவியால் சுரண்டி எடுத்தான். செல்வலட்சுமி வேறு பக்கம் திரும்பி நின்றாள்.

மூன்று மணிக்கு மூவரும் ஆட்டோவில் மின்சார ஆபீஸுக்குப் போனார்கள். பாதி வழியில் கோதண்டம் கேட்டார்.

“தம்பி, எப்பிடிப் பண்ணேன்னு கேட்டா நான் இன்னா சொல்றது?”

கொம்பையா விழித்தான். அவர் கேட்பது அவனுக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. பிறகு சொல்லிக்கொடுத்தான். முதலில் மெயினை ஆஃப் பண்ணினேன். பிறகு பாக்ஸைத் திறந்தேன். சிவப்பு ஒயரின் ஒரு முனையை உள்ளே வருகிற பக்கம், இன்னொரு முனையை வீட்டுக்குப் போகிற பக்கம். கோதண்டம் பரீட்சைக்குப் போகிற பிள்ளையாகத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். ஒரு தடவை மெயினை ஆஃப் பண்ண மறந்துவிட்டார்.

“மெயினை ஆஃப் பண்ணாம தொட்டா செத்துருவிய அண்ணாச்சி” என்றான் கொம்பையா. வழக்கமாக இந்த இடத்தில் ஒரு கிண்டல் வரும். வரவில்லை.

“மேடம், உங்க ரிப்போர்ட்ல இன்னா எழுதுவீங்க?” என்றார் அவர்.

“நீங்க என்ன கேட்டீங்க? எவன் பண்ணான்னு கண்டுபிடிக்கச் சொன்னீங்க. எங்களால கண்டுபிடிக்க முடியலன்னு எழுதறேன்.”

“உங்களுக்குக் கெட்ட பேராச்சே.”

செல்வலட்சுமி ரோட்டைப் பார்த்தாள். “இன்னிக்கு அது ரெண்டு பேருக்குன்னு வச்சிக்குங்க” என்றாள்.

ஆபீஸில் அதே ஜன்னல். பதினாலு தடவை அவர் நின்ற ஜன்னல். உள்ளே இருந்தவர் படிவத்தைத் தள்ளினார். ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. கோதண்டம் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேராசை என்று எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார்.

“நீங்களேதான் பண்ணீங்களா?” என்றார் உள்ளே இருந்தவர்.

“மெயினை ஆஃப் பண்ணேன். பாக்ஸைத் தொறந்தேன்...”

“போதும் போதும்.” முத்திரை விழுந்தது. பதிவு எண் போட்டார். தேதி போட்டார். பணத்தை வாங்கிக்கொண்டு ரசீது கிழித்துக் கொடுத்தார். எல்லாம் சேர்த்து ஒன்பது நிமிஷம்.

கோதண்டம் ரசீதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்து முத்திரையைப் படித்தார். “பாத்தீங்களா மேடம்” என்றார் மெதுவாக. “பதினாலு தபா நியாயம் கேட்டேன். ஒரு துண்டுச் சீட்டு குடுத்ததில்ல. திருடன்னு எழுதிக் குடுத்தேன், உடனே நம்பர் போட்டுட்டாங்க.”

பிளாஸ்டிக் ஃபைலைத் திறந்து, பதினாலு மனுவுக்கும் மேலே அந்த ரசீதை வைத்தார். சட்டைப் பையில் இருந்த பச்சை மூடியையும் எடுத்து உள்ளே போட்டு மூடினார்.

ஜன்னலுக்குள் இருந்தவர் தலையை நீட்டினார். “அடுத்த மாசத்துலேருந்து நெட்வொர்க் கட்டணம் முழுசா வரும் சார். வேற எதாவது மனு இருக்கா?”

“இல்லீங்க” என்றார் கோதண்டம். “அவ்ளோதான்.”